நாலணாவில் வெள்ளி இருக்கிறதா?

கண்ணு, உங்க அம்மாயி சுருக்குப்பையில் பழைய நாலணா கிடந்தால் கேட்டு வாங்கு. குறுக்கே 19 மில்லிமீட்டர்தான். ஒரு பக்கம் நான்முகச் சிங்கம், மறுபக்கம் இரண்டு கோதுமைக் கதிர். நம் குடியரசு பிறந்த 1950-ல், ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த வரிசை இது.

வெள்ளைவெளேர் என்று மின்னுகிறதே, வெள்ளிதானா? நல்ல கேள்வி! காசையே கேட்டுவிடுவோம்.

பனியன் கம்பெனியில் தையல் மிஷின் ஊசி உடைந்தால், துண்டுகளைத் தேடி எடுக்கக் காந்தம் வைத்திருப்பார்கள், பார்த்திருக்கிறாயா? அப்படி ஒரு காந்தத்தை நாலணா பக்கம் கொண்டுபோ. டக்கென்று ஒட்டிக்கொள்ளும். வெள்ளியைக் காந்தம் இழுக்காது. இரும்பையும் நிக்கலையும் இழுக்கும். இரும்பாக இருந்தால் இந்நேரம் துருப்பிடித்திருக்கும். ஆக, இது நிக்கல் காசு.

குடியரசுக்கு வெள்ளிக் காசு பிடிக்காமல் இல்லை. கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். வெள்ளைக்காரன் காலத்து ரூபாயில் முதலில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி இருந்தது. இரண்டாம் உலகப்போர் வந்ததும், 1940-ல் பாதியாகக் குறைத்தார்கள். போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் வெள்ளியைக் கடனாகவும் வாங்கினார்கள். அதைத் திருப்பித் தரவேண்டுமே! வெள்ளிக் காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். நிக்கல் வந்து உட்கார்ந்தது.

இப்போது நீ ஒரு ஓரணாவை எடுப்பாய். அதில் காளை இருக்கும். காங்கேயம் காளை என்று நினைத்துவிடாதே, அசோகர் தூணில் சிங்கங்களுக்குக் கீழே செதுக்கிய காளை அது. காந்தத்தை வை. ஒட்டாது! அப்படியானால் வெள்ளியா? அதுவும் இல்லை. முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். செம்பு அவ்வளவு கலந்துவிட்டால் நிக்கலின் காந்த குணம் எடுபடாது. ஒட்டினால் வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டால் இன்னொரு சோதனை வேண்டும். புரிந்ததா கண்ணு? புரியாவிட்டால் இந்தப் பத்தியை மறுபடி படி, அவசரமில்லை.

அந்த இன்னொரு சோதனை எடைதான். ஒரு கிலோ பஞ்சு மூட்டையாய் நிற்கும், ஒரு கிலோ நூல் கோனில் அடங்கிவிடும், இல்லையா? வெள்ளியும் அப்படி நெருக்கமான சரக்கு. காந்தியடிகள் நூற்றாண்டுக்காக 1969-ல் ஒரு பத்து ரூபாய் வெளியிட்டார்கள். எடை 15 கிராம். நூற்றுக்கு 80 பங்கு நிஜமான வெள்ளி!

துணியின் ஜி.எஸ்.எம். பார்க்கும் சின்னத் தராசில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து, எடையைச் சுழியாக்கு. காந்திக் காசை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடு. தராசு ஏறத்தாழ 1.48 கிராம் காட்டும். காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. அதே 15 கிராமில் செம்பும் நிக்கலும் கலந்த காசு என்றால் 1.68 அளவுக்குக் காட்டும். என்னைக் கேட்டால், பூதக்கண்ணாடியைவிட இந்தத் தராசுதான் காசு சேர்ப்பவனுக்கு உற்ற தோழன்.

காசு கறுத்திருந்தால் புளி போட்டுத் தேய்க்காதே. வெள்ளியோடு கந்தகம் சேர்ந்து உண்டான மெல்லிய படலம் அது. தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து தேயும்.

சுருக்குப்பையில் 1945-ம் வருட நாலணா ஒன்றும் 1946-ம் வருட நாலணா ஒன்றும் சேர்ந்தே கிடைத்தால், எது காந்தத்தில் ஒட்டும்? முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் காந்தத்தை எடு.