மனிதனுக்குப் பிறகு யார்?

"குரங்கிலேர்ந்து மனுஷன் வந்தான், சரி. மனுஷனுக்கு அப்புறம் யாரு வருவா?"

ஐரோலி பாலத்தில் முலுண்டு நோக்கிப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸில் ஒரு சிறுவன் தன் அப்பாவிடம் கேட்டான். அவர் சிரித்து மழுப்பிவிட்டார். ஆனால் இதே கேள்வியைச் சென்ற நூற்றாண்டில் சிலர் மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள்.

1930இல் ஓலாஃப் ஸ்டேபிள்டன் என்ற ஆங்கிலேயர் 'லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்' என்ற நூலை எழுதினார். 200 கோடி ஆண்டுகளின் கற்பனை வரலாறு அது. அதில் வரும் 18 மனித இனங்களில் நாம் முதல் இனம். கடைசி இனம் நெப்டியூனில் வாழ்கிறது. இளம் வயதில் நூலகத்தில் அதைப் படித்து வியந்தவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கையில் குடியேறி, 2008இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

கிளார்க்கின் 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' (1953) நாவலில் வேற்றுலகத்தார் வந்து போரையும் வறுமையையும் ஒழிக்கிறார்கள். பிறகு பூமியின் குழந்தைகள் மாறத் தொடங்குகிறார்கள். 'நான்' என்பது கரைந்து ஒரு பெருமனத்தில் கலந்துவிடுகிறார்கள். அது மிகப் பெரிய ஆன்ம வளர்ச்சிதான். ஆனால் பெற்றோரைத் திரும்பிப் பார்க்க யாருமில்லை. அவர்களே மனிதகுலத்தின் கடைசித் தலைமுறை.

அதற்கு வெகுமுன்பே, நம் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் இதைப் பற்றி எழுதிவிட்டார், கதையாக அல்ல, தத்துவமாக. 1910இல் அங்கு வந்தவர், 1914இல் 'ஆர்யா' இதழைத் தொடங்கினார். மனிதன் ஓர் இடைநிலைதான். மனத்தைத் தாண்டிய அதிமனம் இந்த மண்ணிலேயே வெளிப்படும் என்பது அவர் கொள்கை. ஜடத்தில் உயிர் தோன்றியது, உயிரில் மனம் தோன்றியது; ஒன்று வந்ததால் முந்தையது தொலையவில்லை. மேலே ஏறுவது கீழுள்ளதையும் கூடவே உயர்த்த வேண்டும் என்றார்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது வெறும் தத்துவமில்லை. நம் பிள்ளைகள் மராத்தியிலும் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் யோசிக்கிறார்கள். ஊரிலிருக்கும் பாட்டியிடம் போனில் பேசத் தடுமாறுகிறார்கள். அவர்கள் நம்மைத் தாண்டிப் போகத்தான் வேண்டும். கிளார்க்கின் குழந்தைகளைப் போலப் போவார்களா, அரவிந்தர் சொன்னபடி நம்மையும் சேர்த்துக்கொண்டு போவார்களா என்பதில் நமக்கும் பங்கு உண்டு.

அந்தப் பையனின் கேள்விக்கு முழு விடை என்னிடமும் இல்லை. ஆனா உங்க பிள்ளை கேட்டா மழுப்பிடாதீங்க. ஸ்டேபிள்டனின் 18 இனங்களிலிருந்து ஆரம்பிச்சு, தமிழிலேயே சொல்லுங்க.