யாருக்கு அந்தப் படுக்கை?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்குக் கோடியிலுள்ள ஸியாட்டில் நகரத்தில், 1962-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், மூன்றே படுக்கைகளோடு ஒரு சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. சிறுநீரகங்கள் அடியோடு செயலிழந்து, மரணத்தைத் தவிர வேறு கதியில்லை என்று கைவிடப்பட்டிருந்தவர்களை, இயந்திரத்தின் மூலம் ரத்தத்தைச் சுத்திகரித்து ஆண்டுக்கணக்கில் வாழவைக்க முடியும் என்ற அதிசயம் அங்கே அன்றாடக் காரியமாக நடந்தேறியது. படுக்கைகள் மூன்று, அவற்றை நாடி நின்றவர்களோ பலர். தர்மத்தைப் பற்றி மேல்நாட்டுத் தத்துவஞானிகள் எழுதிக் குவித்திருக்கும் சித்தாந்தங்கள் நடைமுறையில் என்ன பெறும் என்று அறிய விரும்புகிறவர்களுக்கு, இந்தச் சிறிய நிலையத்தின் சரித்திரத்தைக் காட்டிலும் தக்க பரீட்சை அகப்படுவது அரிது என்பது என் அபிப்பிராயம்.

ரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் வித்தை அப்போது முற்றிலும் புதிதன்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஜெர்மானியரின் ஆக்கிரமிப்பில் இருந்த ஹாலந்தில், வில்லெம் கோல்ஃப் என்னும் வைத்தியர், ஸெலஃபேன் குழாயைச் சுற்றிய உருளை ஒன்றைக் கொண்டு 1943-இல் அதைத் தொடங்கிவிட்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் தமனியையும் சிரையையும் புதிதாக அறுத்துத் திறக்க வேண்டியிருந்தமையால், சில தடவைகளுக்குப் பின் அறுப்பதற்கு உடம்பில் இடமே இல்லாது போயிற்று. 1960-இல் ஸியாட்டிலைச் சேர்ந்த டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், ரத்தம் எளிதில் உறையாத டெஃப்லான் குழாய் ஒன்றை நோயாளியின் கையிலேயே நிலையாகப் பொருத்திவிடும் உபாயத்தைக் கண்டார். அந்த முறையில் முதன்முதல் சிகிச்சை பெற்ற க்ளைடு ஷீல்ட்ஸ் என்னும் இயந்திரத் தொழிலாளி, அதன்பின் பதினோரு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். ஆகவே பிழைக்க வழி உண்டு என்பது நிச்சயமாகிவிட்டது. யார் பிழைப்பது என்ற கேள்வி அந்த நிச்சயத்தோடு கூடவே பிறந்தது.

வைத்தியர்கள் முதலில் தேக நிலையை மட்டும் ஆராய்ந்து, சிகிச்சையால் பயனடையக் கூடியவர்களைப் பிரித்தெடுத்தார்கள். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களும் குழந்தைகளும் விலக்கப்பட்டார்கள். ஸியாட்டில் அடங்கிய வாஷிங்டன் ராஜ்யத்தின் வரிப்பணம் இந்த ஆராய்ச்சிக்கு உதவியிருந்தது என்ற காரணத்தால் வெளியாரும் விலக்கப்பட்டார்கள். அதற்குப் பின்னும் எஞ்சியவர்களின் தொகை படுக்கைகளுக்கு மிஞ்சியிருந்ததனால், இறுதித் தேர்வு எழுவர் அடங்கிய ஒரு குழுவின் கையில் ஒப்படைக்கப்பட்டது. வக்கீல் ஒருவர், பாதிரியார் ஒருவர், பாங்கர் ஒருவர், இல்லத்தரசி ஒருவர், அரசாங்க அதிகாரி ஒருவர், தொழிற்சங்கத் தலைவர் ஒருவர், அறுவை வைத்தியர் ஒருவர்: ஊதியமின்றி, பெயர் வெளியிடப்படாமல் பணியாற்றிய இவர்கள், தாம் காணாத மனிதர்களின் விவரங்களை ஏட்டில் வாசித்து, இவருக்கு வாழ்வு, இவருக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்களானார்கள்.

எதைக் கொண்டு தீர்ப்பது? மிகப் பெரும்பாலோர்க்கு மிகுந்த நன்மை விளைவிப்பதே அறம் என்னும் கொள்கையை 1789-இல் வெளியிட்ட நூலில் ஜெரமி பெந்தாம் விரித்துரைத்தார்; பயன்வாதம் என்று நாம் வழங்கும் அந்தக் கொள்கை, பெயர் சொல்லப்படாமலே ஸியாட்டில் குழுவினரின் மனத்தில் குடிகொண்டிருந்தது. விவாகமானவரா, குழந்தைகள் எத்தனை, வருமானம் என்ன, கல்வி எவ்வளவு, சமூகத்துக்கு இதுவரை செய்தது என்ன, இனிச் செய்யக்கூடியது என்ன என்று அவர்கள் கேட்டவையெல்லாம் பயனை அளக்கும் கேள்விகளே. அவற்றை இழிவானவை என்று நான் தள்ளமாட்டேன். ஆறு குழந்தைகளின் தந்தை இறந்தால் ஆறு குழந்தைகள் அநாதரவாகின்றன என்பது கணக்குப் புத்தகச் செய்தியன்று. நெஞ்சுள்ள எவரும் அதை எண்ணாமல் இருக்க முடியாது.

ஆனால் அளக்கத் தொடங்கியபின் நேர்ந்ததைப் பாருங்கள். ஷானா அலெக்ஸாண்டர் என்னும் பெண் பத்திரிகையாளர் 1962 நவம்பரில் 'லைஃப்' பத்திரிகையில் எழுதிய நீண்ட கட்டுரையின் வாயிலாகவே இக்குழுவின் ஆலோசனைகள் உலகுக்குத் தெரியவந்தன. கணவன் இறந்தால் மனைவி மறுமணம் செய்துகொள்ள வாய்ப்பு எவ்வளவு என்றுகூட அவர்கள் ஆராய நேர்ந்தது. சிக்கனமாக வாழ்ந்து குடும்பத்துக்குப் பொருள் சேர்த்து வைத்தவன், அவன் இறந்தாலும் குடும்பம் பிழைத்துக்கொள்ளும் என்ற அந்தக் காரணத்தாலேயே பின்தள்ளப்படுவான் என்பதையும், முன்யோசனைக்கே தண்டனை விதிக்கிறோமோ என்ற தவிப்பையும் அவர்களில் சிலரே உணர்ந்தார்கள். தேவாலயத்துக்கு ஒழுங்காகச் செல்வது நல்லொழுக்கத்தின் அடையாளமாக எண்ணப்பட்டது. இவ்வாறாக, சமூகத்துக்குப் பயனுள்ளவன் யார் என்று தேடப் புறப்பட்டவர்கள், தம்மைப் போன்றவன் யார் என்று கண்டு திரும்பினார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர்; மனச்சாட்சி உறுத்த உறுத்த, இரவுகளைக் கெடுத்துக்கொண்டு கடமையாற்றிய நல்லவர்கள். நல்லவர்களின் கையிலேயே அந்த அளவுகோல் இவ்வாறு கோணியது என்பதுதான் சிந்திக்க வேண்டிய விஷயம். தனித்து, யாருக்கும் அடங்காமல், ஏழ்மையில் வாழ்ந்து, பின்னொரு தலைமுறையால் மட்டுமே போற்றப்படும் ஒரு கவிஞன் அக்குழுவின் முன் வந்திருந்தால் அவன் கதி என்னவாகியிருக்கும்?

ஜெர்மானிய ஞானி இம்மானுவேல் கான்ட், மனிதன் எந்தப் பயனுக்கும் கருவியாக மட்டும் கருதப்படலாகாது என்றும், பண்டங்களுக்கு விலை உண்டு, மனிதனுக்கு உள்ளதோ விலைக்கு அப்பாற்பட்ட மாண்பு என்றும் 1785-இலேயே வற்புறுத்தியவர். அவருடைய வழியில் சிந்தித்தவர்கள், வைத்தியத் தகுதி பார்த்தபின் மற்றதெல்லாவற்றையும் சீட்டுக் குலுக்கலுக்கோ வந்த வரிசைக்கோ விட்டுவிட வேண்டும் என்றார்கள். கேட்ட மாத்திரத்தில் இது பொறுப்பைக் கைகழுவுவதாகத் தோன்றும். ஆயினும் இதற்குப் பழைய நியாயம் ஒன்று உண்டு. 1841-இல் 'வில்லியம் பிரவுன்' என்னும் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியபோது, அளவுக்கு மீறிப் பாரமேறிய படகைக் காப்பாற்றும் பொருட்டு, மாலுமிகள் பிரயாணிகள் சிலரைக் கடலில் எறிந்தார்கள். அடுத்த ஆண்டு பிலடெல்பியா நீதிமன்றத்தில் ஹோம்ஸ் என்ற மாலுமி விசாரிக்கப்பட்டபோது, அத்தகைய நெருக்கடியில் சீட்டுப் போட்டே தீர்மானித்திருக்க வேண்டும் என்று நீதிபதி பால்ட்வின் அபிப்பிராயப்பட்டார். சீட்டில் தோற்றவன் துரதிருஷ்டசாலி. குழுவில் தோற்றவனோ வாழத் தகுதி குறைந்தவன் என்று முத்திரை குத்தப்பட்டு மடிகிறான். இந்த வித்தியாசம் மிகப் பெரிது என்றே நான் கருதுகிறேன். வைத்தியத் தகுதி சமமாக இருக்கையில் சீட்டே நேர்மையான வழி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குழந்தைகளின் கண்ணீரைச் சீட்டு அறியாது என்ற குறையையும் கண்திறந்தே ஏற்றுக்கொள்கிறேன்.

இந்த இரண்டு சித்தாந்தங்களும் ஒருமுகமாகச் சந்தேகிக்கும் ஒன்று உண்டு: தன்னவர் என்ற பாசம். நியாயம் கூறுபவன் வேண்டியவன் வேண்டாதவன் பார்க்கலாகாது என்பது பெந்தாமுக்கும் கான்டுக்கும் பொது. ஆனால் ஸியாட்டிலில் அடுத்து நடந்தது வேறு. 1963-இல், ஆல்பர்ட் பாப் என்னும் பொறியியல் பேராசிரியரின் நண்பர் மகளான ஒரு சிறுமி, வயது வரம்பின் காரணமாக விலக்கப்பட்டாள். அந்தப் பேராசிரியர் தம் சகாக்களோடு இரவும் பகலும் உழைத்து, வீட்டிலேயே வைத்து இயக்கக்கூடிய ஒரு சிறிய இயந்திரத்தைச் சில மாதங்களுக்குள் செய்து முடித்தார். 1964-இல் அந்தச் சிறுமி அதில் சிகிச்சை பெற்றாள். அவளுக்காகப் பிறந்த வழி, பிறகு ஆயிரக்கணக்கானவர்களுக்குத் திறந்தது. மூன்று படுக்கைகளுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்று அறிஞர்கள் வாதித்துக்கொண்டிருக்கையில், படுக்கை ஏன் மூன்றாகவே இருக்க வேண்டும் என்று கேட்டது ஒரு மனிதனின் வாத்சல்யம்.

அந்தக் கேள்வி பின்பு அரசாங்கத்தின் வாசலையும் எட்டியது. 1971 நவம்பரில், அமெரிக்கக் காங்கிரஸின் கமிட்டி ஒன்றின் கண்ணெதிரே, ஒரு நோயாளி இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டுச் சிகிச்சை பெற்றுக் காட்டினார். 1972 அக்டோபரில் ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டம், சிறுநீரகம் செயலிழந்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் சிகிச்சைச் செலவை, வயது வித்தியாசமின்றி, அரசாங்கமே ஏற்க வழி செய்தது. 1973 ஜூலை முதல் அது அமலுக்கு வந்தது. உயிர்களைத் தரம் பிரிக்கும் குழுவுக்கு அதன்பின் வேலை இல்லை.

பெந்தாமின் சீடர்கள் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை, ஓயவும் கூடாது. இந்த ஒரு நோய்க்குக் கிடைத்த சலுகை, புற்றுநோய்க்கும் இருதய நோய்க்கும் ஏன் கிடைக்கவில்லை என்றும், இதே பணத்தைக் கர்ப்பிணிகளுக்கும் சிசுக்களுக்கும் செலவிட்டிருந்தால் காப்பாற்றப்பட்டிருக்கும் உயிர்கள் எத்தனை என்றும் அவர்கள் கேட்டார்கள். இயந்திரத்தின் அருகே படுத்திருப்பவரின் முகம் நமக்குத் தெரிகிறது. தடுப்பூசி இல்லாமல் எங்கோ இறக்கும் குழந்தையின் முகம் தெரிவதில்லை. அந்தத் தெரியாத முகத்துக்காக வாதாடுவதற்குப் பயன்வாதியைத் தவிர வேறு வக்கீல் இல்லை. ஆகவே நபரைத் தேர்ந்தெடுக்கையில் அவரை வெளியே நிறுத்த விரும்பும் நானே, வரவு செலவுத் திட்டம் வகுக்கையில் அவரை முதலில் அழைத்து உட்காரவைப்பேன்.