நான்கு குடும்பம், ஒரு மீட்டர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஒரே காம்பவுண்டுக்குள் நான்கைந்து போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருப்பார்கள். பல இடங்களில் ஈ.பி. இணைப்பு ஒன்றுதான், குடித்தனக்காரர்களுக்கு சப் மீட்டர். ஹவுஸ் ஓனர் சொல்வதுதான் யூனிட் விலை.

அரசு அறிவிக்கும் மின் கட்டணச் சலுகை இந்த வீடுகளுக்குள் நுழைவதே இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

மின் கட்டணத்தை நிர்ணயிப்பது மின்வாரியம் அல்ல, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அதன் 2022 செப்டம்பர் ஆணைப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் அரசு மானியத்தில் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்குத் தலா ரூ.2.25, 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6. ஐந்நூறைத் தாண்டினாலோ 101-வது யூனிட்டிலிருந்தே 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6, 501 முதல் 600 வரை ரூ.8. ஆக, 500 யூனிட்டுக்கு ரூ.1,725, 501-க்கு ரூ.1,958. ஒரு யூனிட் கூடினால் ரூ.233 கூடியது! பிறகு இந்த ஸ்லாப் விகிதங்கள் உயர்ந்தன.

குறைவாகச் செலவழிப்பவருக்குக் குறைந்த விலை என்பது நல்ல கொள்கை. ஆனால் ஆணையத்தின் கணக்கில் வருவது மீட்டர், குடும்பம் அல்ல. தலா 150 யூனிட் செலவழிக்கும் நான்கு குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 விகிதப்படி, தனித்தனி மீட்டர் இருந்தால் ஆளுக்கு ரூ.112.50, மொத்தம் ரூ.450. ஒரே மீட்டரில் அது 600 யூனிட், பில் ரூ.2,750. ஏ.சி. இல்லாமல், இரண்டு விசிறியும் ஒரு ஃபிரிட்ஜுமாகச் சிக்கனமாக வாழும் நான்கு வீடுகள், பில்லில் ஒரே ஊதாரி வீடாகிவிடுகின்றன. இதை அநியாயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. ஆணையத்தின் மின் பகிர்மான விதித்தொகுப்பின்படியே, உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும், சட்டப்படி குடியிருப்பதற்கான சான்று, ஈட்டுறுதிப் பத்திரம், இரு மடங்கு காப்புத்தொகை கொடுத்துத் தனி இணைப்பு கேட்கலாம். ஆனால் "வீட்டைக் காலி பண்ணு" என்று சொல்லிவிட்டால் எங்கே போவது? அந்தப் பயத்தோடு எந்தக் குடித்தனக்காரர் விண்ணப்பிப்பார்?

கட்டணப் பிரிவுகள் கல்வெட்டு அல்ல. லிஃப்ட் இல்லாத, மூன்று மாடி, பத்து வீடுகளுக்கு மிகாத அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டுக் கட்டணம் 2023-ல் யூனிட்டுக்கு ரூ.8.15-லிருந்து ரூ.5.50 ஆனது, குடியிருப்போர் விடாமல் குரல் கொடுத்த பிறகு. 2022 உயர்வுக்கு முன் ஆணையம் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடத்தியது. எழுத்து மூலமும் கருத்து அனுப்பலாம். சப் மீட்டர் வீடுகளில் இருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கைப்படி ஸ்லாபைப் பிரித்துக் கணக்கிட வேண்டும் என்பதே அடுத்த கட்டண ஆணைக்கு முன் ஆணையத்திடம் வைக்க வேண்டிய கோரிக்கை.