சூளைக்குள் போகும் இரண்டு கம்பிகள்

சூளையின் சூட்டைச் சொல்லும் தெர்மோகப்பிள் அறுந்து நின்றுபோனால் பெரிய நஷ்டமில்லை, உடனே தெரிந்துவிடும். சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் பக்கத்துப் பீங்கான் பட்டறைகளுக்குக் கருவிப் பழுது பார்க்கப் போகிற எனக்குப் பயமெல்லாம், நிற்காமல் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கும் தெர்மோகப்பிளிடம்தான். உள்ளே 1,200 டிகிரி இருக்கும். மீட்டர் 1,160 காட்டும். கன்ட்ரோலர் அதை நம்பி மேலும் எரிக்கும். ஆறின பிறகு கதவைத் திறந்தால் ஊறுகாய் ஜாடியின் கிளேஸ் வழிந்து தட்டோடு ஒட்டிக் கிடக்கும். தப்பு மறுபக்கமாக இருந்தால் சரக்கு வேகாது. வேகாத ஃபியூஸ் கேரியர் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த பீங்கான் கரண்டைத் தடுக்காது.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் மேல்மண்ணோடு வெண்களிமண்ணும் வருகிறது. அதை ஒட்டித்தான் விருத்தாசலத்தில் அகல் விளக்கு, பொம்மை, ஜாடி, மின்சாரப் பீங்கான் என்று ஒரு தொழிலே வளர்ந்தது. இந்தத் தொழிலுக்கென்று அரசு பாலிடெக்னிக்கும் அங்கே இருக்கிறது. பிசைந்து, வார்த்து, காயவைத்து, பூசி முடித்த அத்தனை பேரின் உழைப்பும் கடைசியில் ஒரு ராத்திரி சூளைக்குள் போகிறது. அந்த ராத்திரி சரியாகப் போகிறதா என்று சொல்ல இருப்பது இரண்டே கம்பிகள். அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

வேறு வேறு உலோகக் கம்பிகள் இரண்டை நுனியில் சேர்த்துச் சூடாக்கினால் மறுமுனையில் சின்னதாக மின்னழுத்தம் கிடைக்கும். 1821-இல் சீபெக் கண்டது இது. நம் சூளைகளில் அதிகம் ஓடுவது ‘கே டைப்’. அதில் ஒரு கம்பி நிக்கலும் குரோமியமும் கலந்த குரோமெல். மற்றது நிக்கலோடு கொஞ்சம் அலுமினியம், மாங்கனீசு, சிலிக்கான் சேர்ந்த அலுமெல். டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்தான் வரும். ஒன்றை மறக்கக்கூடாது: தெர்மோகப்பிளுக்குத் தெரிந்தது இரண்டு முனைகளுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். மீட்டர் தன் டெர்மினல் இருக்கும் இடத்தின் சூட்டைத் தானே அளந்து, அதையும் கூட்டித்தான் நமக்குக் காட்டுகிறது.

இது புரிந்தால் பாதிப் பழுதை இருந்த இடத்திலேயே பிடிக்கலாம். மீட்டர் கெட்டதா, சென்சர் கெட்டதா என்று சண்டை வந்தால், மீட்டரிலிருந்து தெர்மோகப்பிள் ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணையுங்கள். நல்ல மீட்டர் அறைச் சூட்டையோ அதைவிட ஓரிரு டிகிரி கூடவோ காட்டும். காட்டினால் மீட்டரை விட்டுவிடுங்கள். அடுத்து மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துச் சூளைத் தலையிலேயே, அதாவது தெர்மோகப்பிள் வெளியே வந்து ஒயரோடு சேரும் இடத்திலேயே, அளக்கலாம். 1,000 டிகிரிக்கு அட்டவணை 41.28 மில்லிவோல்ட் என்கிறது. ஆனால் அது மறுமுனை 0 டிகிரியில் இருக்கும் கணக்கு. நீங்கள் அளக்கும் இடம் 35 டிகிரி என்றால் அதற்குரிய 1.41-ஐக் கழித்து 39.87 வரவேண்டும்.

நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் சென்சரில் குற்றமே இருக்காது. இடையில் போகும் ஒயரில்தான் இருக்கும். “அண்ணே, புதுசு மாட்டியும் அதே கதைதான்” என்று போன் வந்தாலே நான் முதலில் கேட்பது, “நடுவுல எந்த ஒயர் போட்டிருக்கீங்க தம்பி?” சாதாரணத் தாமிர ஒயரைப் போட்டால் மீட்டர் ஓடத்தான் செய்யும். ஆனால் சூளைத் தலை 70 டிகிரியிலும் பேனல் 35 டிகிரியிலும் இருந்தால், இடையில் உள்ள 35 டிகிரி காணாமல் போய்விடும். கே டைப்புக்கு உரிய ஒயர்தான் வேண்டும்.

அந்த ஒயரிலும் நிறம் ஏமாற்றும். அமெரிக்க முறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சர்வதேச முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். வீட்டு வயரிங், பேட்டரி என்று பழகின எலக்ட்ரீஷியன் கை, சிவப்பைப் பார்த்ததும் தானாகப் பிளஸில் மாட்டும். ஓர் இடத்தில் மட்டும் மாறினால் தப்பு கண்ணில் படலாம். தலையிலும் பேனலிலும் இரண்டு இடத்திலும் மாறிவிட்டால் சூளை ஏற ஏற மீட்டரும் ஏறும்; எல்லாம் சரி என்றே தோன்றும். ஆனால் மேலே சொன்ன அதே சூளையில் அது 70 டிகிரி குறைத்துச் சொல்லிக்கொண்டிருக்கும், தாமிர ஒயரின் தப்பைப்போல இரண்டு பங்கு. இதற்காகவே சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருக்கிறேன். கம்பி குளிர்ந்திருக்கும்போது அலுமெல் காந்தத்தில் ஒட்டும், குரோமெல் ஒட்டாது. ஒட்டுவது மைனஸ். நிறம் எதுவானாலும் இது மாறாது.

சூளைச் சுவரை உரசிப்போகும் ஒயரின் உறை உருகி, கம்பிகள் ஒன்றையொன்று தொட்டாலும் வேடிக்கையான பழுது வரும். தொட்ட இடமே புது நுனியாகிவிடும். உள்ளே தீ எரிய, மீட்டர் 90-இல் நிற்கும். 1,200-க்கு மேலே போகும் சூளையில் பிளாட்டினம், ரோடியம் கலந்த ‘எஸ் டைப்’ போடுவார்கள். அதை மாட்டிவிட்டு மீட்டரில் ‘கே’ என்றே விட்டுவைத்தால் 1,000 டிகிரி சூளை 300-க்குள்ளேயே நிற்கும். இவற்றையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் சென்சரைக் குறை சொல்ல வேண்டும்.

சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் சர்க்கரை ஆலைக் கருவிகளைப் பற்றியும் கேட்பார்கள். கரும்புச் சாற்றின் சூடு 100 டிகிரியை ஒட்டியது. அதற்கு பிடி 100 என்ற பிளாட்டினம் சென்சர் போதும். 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். டெர்மினலில் துரு ஏறி ஒரு கம்பிக்கு மட்டும் ஒரு ஓம் கூடினால் இரண்டரை டிகிரி தப்பு வந்துவிடும். சென்சர் இருக்கும் குழாயில் சாற்றின் கசடு படிந்தாலோ, சூடு மாறுவது மீட்டருக்குத் தாமதமாகத்தான் தெரியும். அங்கே துடைத்துவைப்பதே பாதிப் பராமரிப்பு.

சூளையில் துடைத்து மீட்க முடியாத பழுது, வயசு. காற்று போதாமல் புகை மண்டும் சூளையில் 800-க்கும் 1,050-க்கும் இடையில் குரோமெல் கம்பியின் குரோமியம் மட்டும் அரிக்கப்பட்டுப் பச்சை பூக்கும். அதன் பிறகு அது குறைத்தே சொல்லும். வெளியே மூடியிருக்கும் அலுமினா குழாயில் விரிசல் விழுந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சூடாக இருக்கும்போது குழாயை உருவிப் பார்க்கும் பழக்கம் அந்த விரிசலுக்கு முக்கிய காரணம். தயவுசெய்து ஆறவிட்டு எடுங்கள்.

மீட்டர் வருவதற்கு முன்பும் சூட்டை அளந்தார்கள். 1782-இல் இங்கிலாந்துக் குயவர் வெட்ஜ்வுட், களிமண் துண்டு எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்துச் சூளைச் சூட்டைக் கணக்கிட்டார். 1886-இல் ஜெர்மனியில் ஸெகர் செய்த கூம்பு, குறித்த வேக்காட்டில் தலை சாய்ந்துவிடும். டிகிரியோடு, எவ்வளவு நேரம் வெந்தது என்பதையும் சேர்த்துக் காட்டும் கருவி அது. இத்தனை டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகும் ஒவ்வொரு சூளையிலும் சென்சருக்குப் பக்கத்தில் ஒரு கூம்பு வைக்கச் சொல்கிறேன். மீட்டரும் கூம்பும் ஒத்துப்போகாத அன்றைக்குக் கூம்பை நம்புங்கள்.

“எத்தனை மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும் அண்ணே?” என்பார்கள். சூளைக்குச் சூளை மாறும். மாட்டிய தேதியைத் தலையில் பெயிண்டால் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் பழையதைக் கழற்றி வேறு அடுப்பில் வைத்துச் சோதிக்காதீர்கள். கம்பி எந்த இடத்தில் கெட்டிருக்கிறதோ, அந்த இடம் எந்தச் சூட்டில் நிற்கிறது என்பதைப் பொறுத்துத் தப்பும் மாறும். வேறு ஆழத்தில் நல்லதுபோலக் காட்டிவிடும். பழையது இருந்த இடத்திலேயே இருக்க, அதை ஒட்டி அதே ஆழத்தில் புதியதை இறக்கி, 600, 900, 1,100-இல் இரண்டையும் எழுதிப் பாருங்கள். பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பழையதை வெட்டி எறியுங்கள். ஸ்பேராக இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்தால், அவசரமான ஒரு ராத்திரியில் யாராவது அதையே எடுத்து மாட்டிவிடுவார்கள்.