எலிக்காய்ச்சலும் இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும்

ரயிலே இல்லாத தீவில் ரிட்டையரான ரயில்வேக்காரனுக்கு என்ன வேலை என்று சங்கத்து நண்பர்கள் கேலி செய்வதுண்டு. வேலை இருக்கிறது, கேளுங்கள்.

சென்ற ஆண்டு அறுவடை முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் காய்ச்சலில் விழுந்தார். கண் சிவப்பு, தாங்க முடியாத கெண்டைக்கால் வலி. "மழையில நனைஞ்ச காய்ச்சல் அய்யா, கஷாயம் குடிச்சாப் போயிடும்" என்றார். மூன்றாம் நாள் நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ். பெனிசிலின் ஊசியில் பிழைத்தார்.

அந்தமானில் இந்நோய் இருப்பதை டெய்லர், கோய்ல் என்ற இருவர் 1931இலேயே எழுதிவிட்டனர். பிறகு அது மறந்துபோயிற்று. 1988 முதல் இரத்தப்போக்கோடு ஒரு காய்ச்சல் வந்து உயிர்களைக் கொண்டுபோனபோது, காரணம் புரியாமல் 'அந்தமான் இரத்தப்போக்குக் காய்ச்சல்' என்றே பெயர் வைத்தார்கள். 1993இல் திக்லிபூரில் அது பரவியபோதுதான், போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையத்தார் இது லெப்டோஸ்பைராவின் வேலை என்று கண்டுபிடித்தார்கள்.

சரி, உடம்பு இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நம் வெள்ளை அணுக்களின் மேல் 'டோல்' ஏற்பிகள் என்ற காவலர்கள் உண்டு. இத்தகைய கிருமிகள் பலவற்றின் மேலுறைக் கொழுப்பை நான்காம் எண் ஏற்பி பிடித்துவிடும். லெப்டோஸ்பைராவின் உறையோ சற்று வேறு மாதிரி; மனிதனின் நான்காம் எண் அதைக் கண்டுகொள்வதில்லை. இரண்டாம் எண்தான் பிடிக்கிறது என்று 2001இல் தெரிந்தது. அது தேடுவது லிப்போபெப்டைடு, அதாவது கொழுப்பு வால் கோத்த புரதத் துண்டு.

பிடிக்கும் விதம்தான் எனக்குப் பிடித்தது. ஒற்றைப் பாதையில் இரு பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஒத்துழைத்தால்தான் டோக்கன் வெளியே வரும். இங்கும் அப்படியே. மூன்று கொழுப்பு வால்களில் இரண்டு இரண்டாம் எண்ணின் குழிக்குள் செருகும். மூன்றாவது பக்கத்து ஒன்றாம் எண்ணுக்குள் போகும். 2007இல் இதைப் படமாகவே காட்டினார்கள். இருவரும் இணைந்ததும் அணுவுக்குள் செய்தி ஓடுகிறது, காய்ச்சல் ஏறுகிறது, மற்ற வெள்ளை அணுக்கள் ஓடிவருகின்றன. அளவு மீறினால் அந்த ஆரவாரமே உறுப்புகளைக் கெடுக்கும்.

சுண்டெலிக்கு நான்காம் எண்ணும் இக்கிருமியைப் பிடிக்கிறதாம்! எலி இனம் நோயில் படுக்காமல் சிறுநீரில் கிருமியை விட்டுத் திரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். அந்த நீர் கலந்த வயலில்தான் நாம் வெட்டுக்காலோடு இறங்குகிறோம். காய்ச்சல் வந்தால், சேற்றில் நின்றதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

பால்காரர் இப்போது முழங்கால் பூட்ஸோடுதான் வயலில் இறங்குகிறார். இடது பூட்ஸில் ஓட்டையாம். நேற்று என் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டிக் கொடுத்தேன்.