தும்பாவில் விழும் தேங்காயும் செப்பு இழையும்

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில், இருபது மீட்டர் தென்னையிலிருந்து ஒன்றரைக் கிலோ தேங்காய் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும்போது வேகம் என்ன? எத்தனை நொடி விழுந்தது என்று தேடவே வேண்டாம். உயரத்தில் இருந்தபோது அதனிடம் நிலையாற்றல் இருந்தது. நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 294 ஜூல். இறங்க இறங்க அது இயக்க ஆற்றலாகக் கைமாறுகிறது, மொத்தம் மட்டும் மாறுவதில்லை. இதுதான் ஆற்றல் மாறா விதி.

இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிய தொகை. இரண்டையும் சமமாக எழுதினால் நிறை இரு பக்கமும் அடிபட்டுப்போகும். எனக்கு இந்த வழி பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான். இளநீரோ குலையோ, விடை ஒன்றே: நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர், மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல்.

விழுந்த இடத்தைப் பாருங்கள். மணலில் ஐந்து சென்டிமீட்டர் குழி. அத்தனை ஜூலையும் மணல் அந்த ஐந்து சென்டிமீட்டருக்குள் வாங்கியாக வேண்டும். 294-ஐ 0.05-ஆல் வகுத்தால் சராசரி விசை சுமார் 5,900 நியூட்டன், அதாவது 600 கிலோ பாரம். மணலின் இடத்தில் ஒரு தலை இருந்தால் என்னாகும்! காய்த்த தென்னையின் கீழ் பாய் விரிக்கக் கூடாது என்று பெரியவர்கள் அதட்டுவது சரிதான்.

இதே தும்பாவிலிருந்துதான் 1963 நவம்பர் 21 அன்று நைக்-அப்பாச்சி ராக்கெட் கிளம்பியது. மீனவர்களின் மகதலேனா மரியாள் தேவாலயம் அலுவலகமானது. ராக்கெட் பாகங்கள் சைக்கிளில் வந்தன. பின்னாளில் வந்த ரோகிணி வரிசையில் ஆர்.எச்-200 மூன்றரை மீட்டர் நீளம், 70 கிலோமீட்டர் வரை போகும். உச்சிக்கு அருகே மெல்லிய செப்பு இழைகளைத் தூவும்.

தேங்காய்க்குப் போட்ட கணக்கையே இழைக்கும் போட்டால், தரையில் அதன் வேகம் நொடிக்கு 1,170 மீட்டர் என்று வரும். ஒலியைப்போல மூன்று மடங்குக்கும் மேல்! அப்படி எதுவும் நடப்பதில்லை. விதி பொய்க்கவில்லை, பங்கு கேட்க இன்னொருவர் வந்துவிட்டார்: காற்று. கனமான தேங்காயிடம் அதன் பங்கு சொற்பம். இழையிடமோ இழக்கும் நிலையாற்றலை ஏறக்குறைய முழுவதுமாக வாங்கி வெப்பமாக்கிக்கொள்கிறது. கீழே வரவரக் காற்று அடர்த்தியாவதால் இழையின் வேகம் கூடாமல் குறைகிறது. தனக்கென்று வேகம் சேர்க்க முடியாத இழை, காற்று வீசும் பக்கமே மிதந்து போகிறது. ராடார் அதைப் பின்தொடர்ந்து, அவ்வளவு உயரத்தில் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் காற்று வீசுகிறது என்று கணக்கெடுக்கிறது.