ஊடக உடைமைக் கட்டுப்பாடும் கேபிள், தொலைபேசி நிறுவனப் போட்டியும்

ஊடக உடைமைக் கட்டுப்பாடு என்பது, ஒரே நிறுவனம் தொலைக்காட்சி அலைவரிசைகளையும் அவற்றை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் வலையமைப்பையும் சேர்த்து வைத்திருப்பதற்கு அரசு விதிக்கும் வரம்பாகும். அலைவரிசை நடத்துபவரே கேபிளையும் வைத்திருந்தால், போட்டி அலைவரிசைகளைப் பின்வரிசைக்குத் தள்ளவோ காட்டாமல் விடவோ அவரால் இயலும்.

இந்திய விதிகள்

கேபிள் தொழில் 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் (ஒழுங்குமுறை) சட்டத்தின்கீழ் வருகிறது. 2004 முதல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) கட்டணம், இணைப்பு விதிகளைக் கவனிக்கிறது. 2001இல் வந்த டி.டி.எச். வழிகாட்டு நெறிகள், ஒளிபரப்பு, கேபிள் நிறுவனங்கள் ஒரு டி.டி.எச். நிறுவனத்தில் கூட்டாக 20 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்பதைத் தடுத்தன. அலைவரிசை நடத்துவோர் கேபிள் வலையமைப்பை வைத்திருப்பதற்கு இத்தகைய வரம்பு விதிக்கப்படவில்லை.

தமிழ்நாட்டில்

இந்த இடைவெளியின் விளைவு தமிழ்நாட்டில் வெளிப்படையாகத் தெரிந்தது. சன் குழுமத்திடம் அலைவரிசைகளும் சுமங்கலி கேபிள் விஷனும் ஒருங்கே இருந்தன. 2007இல் தி.மு.க. தலைமைக்கும் மாறன் சகோதரர்களுக்கும் பிளவு ஏற்பட்டபின், மாநில அரசு தமிழ்நாடு அரசு கேபிள் டிவி கழகத்தைத் தொடங்கியது. இருதரப்பும் 2008 இறுதியில் சமரசம் ஆனபின் அது மங்கியது. 2011இல் அ.தி.மு.க. அரசு அதற்கு மீண்டும் உயிரூட்டி, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வழங்கியது.

கட்டணம் குறைந்தது, உடைமைச் சிக்கல் நீடித்தது. மாநில அரசுகள் ஒளிபரப்பிலும் விநியோகத்திலும் இறங்கக் கூடாது என்று டிராய் 2008, 2012 ஆகிய ஆண்டுகளில் பரிந்துரைத்தது. எந்த அலைவரிசை எங்கே தெரிய வேண்டும் என்பதை ஆளுங்கட்சி முடிவுசெய்யக்கூடும் என்பதே அச்சம். கழகத்துக்கான டிஜிட்டல் உரிமம் 2017இல்தான் கிடைத்தது.

தொலைபேசி நிறுவனங்களின் வருகை

அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனங்கள் தம் சேவைப் பகுதியிலேயே கேபிள் நடத்துவதை 1984ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது; போட்டி பெருகும் என்று கருதி 1996இல் அத்தடை நீக்கப்பட்டது. இந்தியாவில் அத்தகைய தடை இல்லை. ஏர்டெல் 2008இல் டி.டி.எச். தொடங்கியது. ஜியோவின் தாய் நிறுவனமான ரிலையன்ஸ், 2018இல் ஹாத்வே, டென் ஆகிய கேபிள் நிறுவனங்களின் பெரும்பங்கை வாங்குவதாக அறிவித்தது. ஆகவே கேபிளுக்குப் போட்டியாக வந்த தொலைபேசி நிறுவனமே கேபிளின் உடைமையாளராகவும் ஆக முடிகிறது.

தூத்துக்குடியில்

தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. கைப்பேசியில் செய்தி பார்க்கும் வழி அடைபட்ட நிலையில், தொலைக்காட்சி, செய்தித்தாள் போன்றவையே மக்களுக்கு எஞ்சின. இணையமும் கேபிளும் ஒரே உடைமையாளரின் ஒரே இழைவழியாக வந்தால், ஒன்று நின்றால் மற்றொன்று என்ற மாற்று வழி இல்லாமல் போகக்கூடும். இதனால் உடைமைக் கட்டுப்பாடு கட்டணத்தோடு, நெருக்கடி வேளையில் மக்களுக்குச் செய்தி கிடைப்பதையும் பாதிக்கிறது.